பொன்னுச்சிகள் வராத ஐந்து வருஷம்

ஒன்பதாவது நிறுத்தத்திலும் பூஜ்யம்தான். புரூனோ கோங்கெல் நோட்டில் அந்த முட்டையைப் போட்டுவிட்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, பைன் மரங்களை அண்ணாந்து பார்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டினார். யாரைத் திட்டினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. மரத்தையா, கடலையா, எதிரே நிற்கிற கலங்கரை விளக்கத்தையா, அதைக் காவல் காக்கிற அலோய்சியையா? கடைசி ஆளைத்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

நிறுத்தம் என்றதும் பஸ் நிறுத்தம் என்று நினைத்துவிட வேண்டாம். ஆனால் புரூனோ பஸ் டிரைவர்தான். கடலோரக் கிராமமான ஒஸ்த்ரோவ்காவுக்கும் டவுன் வெய்ஹெரோவோவுக்கும் நடுவே முப்பத்தோரு வருஷமாக ஒரே தடத்தில் ஓட்டுகிற மனுஷனுக்கு, உலகத்தில் எதையும் நிறுத்தம் நிறுத்தமாகத்தான் பிரிக்கத் தெரியும். ஊர் எல்லையிலிருந்து கலங்கரை விளக்கம் வரைக்கும் கடலோரப் பைன் காட்டுக்குள் ஒரு மணல் பாதை போகிறது. அதில் பதினொரு இடம் குறித்து வைத்திருக்கிறார். ஒவ்வொரு இடத்திலும் சரியாக மூன்று நிமிஷம். நகரக் கூடாது, இருமக் கூடாது, மூக்குச் சிந்தக் கூடாது. காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கேட்கிற ஒவ்வொரு குருவிக்கும் நோட்டில் ஒரு கோடு. செப்டம்பர் கடைசியில் ஆரம்பித்தால் அக்டோபர் முடிகிறவரை தினமும் விடிகாலையில் இதுதான் வேலை. சம்பளம் கொடுக்கிற வேலை மத்தியானம் ஒரு மணிக்குத்தான் தொடங்கும்.

"கண்ணால எண்ணிட்டுப் போயேன், எதுக்கு இப்படி சிலை மாதிரி நிக்கிற?" என்று அவருடைய பஸ்ஸில் வருகிற பாதி ஊர் கேட்டிருக்கிறது. பொன்னுச்சியைக் கண்ணால் எண்ணுவதாம்! மொத்த எடையே ஐந்து கிராம். பாசி நிறத்தில் ஒரு பஞ்சு உருண்டை. உச்சந்தலையில் மட்டும் தங்க நிறத்தில் ஒரு தீற்றல். ஸ்வீடனிலிருந்து இரவோடு இரவாகக் கடலைத் தாண்டி வந்து, பைன் மர உச்சியில் இலைக்குள் இலையாக நுழைந்துவிடும். "ஸீ ஸீ ஸீ" என்று நூல் இழுத்த மாதிரி ஒரு மெல்லிய குரல். அது எந்தக் கிளையிலிருந்து வருகிறது என்று காது பிடித்த பிறகுதான் கண் அங்கே போகும். ஊரில் புரூனோவுக்குக் குருவி பார்க்கிறவன் என்று பேர். உண்மையில் அவர் குருவி கேட்கிறவர்.

இருபத்தேழு வருஷமாக இந்தக் கணக்கு நடக்கிறது. க்டான்ஸ்கில் இருக்கிற பறவைச் சங்கத்தின் ஆண்டு மலரில் அவருடைய பட்டியல் பேரோடு அச்சாகும். படித்த பெரிய மனிதர்களின் கட்டுரைகளுக்கு நடுவில் 'பு. கோங்கெல், ஒஸ்த்ரோவ்கா' என்று பொடி எழுத்தில் வரும். அதைக் கத்தரித்துச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். நல்ல வருஷத்தில் ஒரே காலையில் நானூறு பொன்னுச்சி எண்ணியிருக்கிறார். பிறகுதான் பிடித்தது சனி. நானூறு நூற்றிருபது ஆனது, நூற்றிருபது நாற்பது ஆனது, அப்புறம் ஒன்பது. போன வருஷம் அக்டோபர் முழுக்கச் சேர்த்தே மூன்று. அந்த மூன்றும் தற்செயலாகக் கண்ணில் பட்டவை. இந்த வருஷம் இன்றோடு பதினாறு நாள், ஒன்றுகூட இல்லை. காக்கை வந்தது, மரங்கொத்தி வந்தது, பட்டாணிக்குருவி கூட்டம் கூட்டமாக வந்து கத்தித் தீர்த்தது. பொன்னுச்சி மட்டும் வரவில்லை.

காரணம் என்னவென்று புரூனோவுக்கு நன்றாகவே தெரியும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் கலங்கரை விளக்கத்தில் பழைய மஞ்சள் விளக்கைக் கழற்றிவிட்டு, புதிதாக வெள்ளை வெளிச்சம் போடுகிற விளக்கை மாட்டினார்கள். மூடுபனி நாளில் கடல் மேல் வருகிற குருவிகள் வெளிச்சத்தைப் பார்த்து மயங்கிச் சுற்றும், கோபுரத்தில் மோதி விழும். அந்த முதல் வருஷ அக்டோபரில், கோபுரத்தடியில் ஏழு பொன்னுச்சிகள் செத்துக் கிடந்ததைப் புரூனோ தன் கண்ணாலேயே பார்த்தார். அதற்கு முந்தைய வருஷங்களிலும் ஐந்தாறு விழுந்திருக்கும். அதையெல்லாம் யார் போய்ப் பார்த்தார்கள்? அந்த ஏழு குருவிகளைப் பார்த்ததும் அவர் மண்டையில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. சங்கத்தில் மலர் தயாரிக்கிறவர், "கிழக்கே முப்பது கிலோமீட்டரில் பொன்னுச்சிகளை வலை போட்டுப் பிடித்துக் காலில் வளையம் மாட்டுகிறவர்களுக்குக் குறைவே இல்லையே, நீங்கள் மட்டும் ஏன் இல்லை என்கிறீர்கள்?" என்று எழுதிக் கேட்டார். புரூனோ மேஜையைத் தட்டினார். "அதத்தானே நானும் சொல்றேன்! அங்க வருது, இங்க வரல. அங்க விளக்கு இல்ல, இங்க இருக்கு. இதுக்கு மேல என்னய்யா வேணும்?"

அலோய்சி புட்ஸிஷ் யாரோ எவரோ இல்லை. இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஒன்றாக விலாங்கு பிடித்து, ஒன்றாகப் புகை போட்டு, ஒன்றாகத் தின்றவர்கள். ஒருத்தன் காளைக்கொம்பில் செய்த மூக்குப்பொடி டப்பாவை இரண்டு தட்டுத் தட்டி நீட்டினால், ஜலதோஷம் பிடித்திருந்தாலும் இன்னொருத்தன் ஒரு சிட்டிகை எடுத்து உறிஞ்சியாக வேண்டும். எங்கள் பக்கம் அப்படித்தான். எடுக்காமல் விட்டால், நீ என் மனுஷன் இல்லை என்று அர்த்தம். நான்கு வருஷத்துக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து ஊரே கோயில் வாசலில் நிற்கும்போது, அலோய்சி வழக்கம்போல டப்பாவை நீட்டினார். புரூனோ இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"கொலைகாரன் கையால எனக்குப் பொடி வேண்டாம்" என்றார். ஊர் மொத்தமும் கேட்டது.

அன்றோடு பேச்சு அறுந்தது. அலோய்சி அந்த பஸ்ஸில் ஏறுவதையே விட்டுவிட்டார். வெய்ஹெரோவோவுக்குப் போக வேண்டுமென்றால் இருபத்திரண்டு கிலோமீட்டரும் சைக்கிள்தான், மழையானாலும் சரி, பனியானாலும் சரி. புரூனோ பஸ்ஸில் அவரைத் தாண்டிப் போகும்போது கண்ணாடியில்கூடப் பார்க்க மாட்டார். பார்க்கவில்லை என்று அவர் சொல்லிக்கொள்வார்; பார்ப்பார்.

இந்த ஆகஸ்டில் புரூனோ இன்னும் ஒருபடி மேலே போனார். கடல்துறை அலுவலகத்துக்கு நான்கு பக்கத்தில் ஒரு மனு. வருஷவாரியாகப் பட்டியல், கீழே அறுபத்தெட்டுக் கையெழுத்து. எல்லாம் பஸ்ஸில் வந்தவர்களிடம் வாங்கியது. டிரைவர் நீட்டினால் யார்தான் போட மாட்டார்கள்? பதில் வந்துவிட்டது. வருகிற வியாழக்கிழமை அதிகாரிகள் நேரில் வருகிறார்கள். புகார் சரியாக இருந்தால் விளக்கை நிறுத்திவிட்டு, கடலில் மிதவை விளக்குப் போட்டுவிடுவார்கள். விளக்கு இல்லையென்றால் காவல்காரர் எதற்கு? வேலையோடு கொடுத்த வீட்டை அலோய்சி காலி செய்ய வேண்டியதுதான்.

"அவன் எங்க போவான்னு நெனச்சுப் பாத்தியா?" என்று ரெஜினா கேட்டாள். ரெஜினா புரூனோவின் மனைவி. ஊர் பேக்கரியில் வேலை. காலை நான்கு மணிக்கு அடுப்படிக்குப் போனால் மத்தியானம்தான் திரும்புவாள்.

"குருவி எங்க போச்சுன்னு அவன் நெனச்சுப் பாத்தானா?" என்றார் புரூனோ.

இது நடந்தது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ரெஜினாவுக்கு லேசாகக் காய்ச்சல். கக்கத்தில் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்திருந்தாள். புரூனோ அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவள் கண்ணைத் திறந்தாள்.

"ஏய்யா, அது கத்திக் கத்தி ஓஞ்சு போச்சு. எடுத்துப் பாக்கக் கூடாதா?"

"எது கத்திச்சு?"

"தெர்மாமீட்டருய்யா! உன் மூக்குக்கு முன்னாடிதானே கத்திச்சு."

"கத்தவே இல்ல. பழுதாயிருக்கும், வேற வாங்கணும்."

"தெர்மாமீட்டர் பழுது, மைக்ரோவேவ் பழுது, பஸ் கதவு சாத்தலேன்னு பீப் பீப்னு அடிக்குதாம், அதுவும் உனக்குப் பழுது. நாளைக்கு மெடிக்கலுக்குப் போறேல்ல? காதையும் நல்லா பாக்கச் சொல்லு."

புரூனோவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "எங்காதையா? நானூறு குருவிய எண்ணின காதுடி இது! ஜனங்கதான் இப்பல்லாம் வாயத் தொறந்து பேசறதில்ல."

டிரைவர்களுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை மருத்துவச் சோதனை உண்டு. கண்ணைப் பார்ப்பார்கள், ரத்தம் எடுப்பார்கள், காதுக்கும் ஒரு டெஸ்ட். திங்கள்கிழமை காலை ஐந்து நிறுத்தத்தோடு எண்ணிக்கையை முடித்துக்கொண்டு (ஐந்தும் பூஜ்யம்) புரூனோ வெய்ஹெரோவோவில் இருக்கிற கிளினிக்குக்குப் போனார். காது டாக்டர் லபூடா சின்ன வயசுப் பெண். அவரை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள்.

"சத்தம் கேட்டா அழுத்துங்க ஐயா. எவ்வளவு சின்னச் சத்தமா இருந்தாலும் சரி."

புரூனோ கண்ணை மூடிக்கொண்டார். இது அவருக்குப் பழக்கமான வேலை. கப்பல் ஊதுகிற மாதிரி ஒரு கனத்த சத்தம் வந்தது, அழுத்தினார். மாடு கத்துகிற மாதிரி ஒன்று, அழுத்தினார். விசில் மாதிரி ஒன்று, அதையும் விடவில்லை. அப்புறம் ஒன்றுமில்லை. அவர் அசையாமல் காத்திருந்தார். காத்திருப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரு நிமிஷம் போனது, இரண்டு போனது. மூன்று நிமிஷம் ஆனதும் ஹெட்போனைக் கழற்றினார்.

"ஏம்மா, மிஷின் நின்னு போச்சு பாருங்க."

டாக்டரம்மா கதவைத் திறந்தாள். "நிக்கலையே ஐயா. ஓடிக்கிட்டுதான் இருக்கு." அவர் கையிலிருந்த ஹெட்போனைச் சுட்டிக்காட்டினாள். "இங்கருந்தே எனக்குக் கேக்குதே."

புரூனோ அதைக் காதில் வைத்துப் பார்த்தார். இடது காது, வலது காது. கல்லறை மாதிரி இருந்தது.

அவள் கம்ப்யூட்டரில் ஒரு படத்தைக் காட்டினாள். ஒரு கோடு மேஜை மாதிரி நேராகப் போய், ஓர் இடத்தில் பொசுக்கென்று கீழே விழுந்திருந்தது. "பயப்படாதீங்க. பேச்சுச் சத்தமெல்லாம் இங்க இருக்கு, இதெல்லாம் நல்லாதான் கேக்குது. பஸ் தாராளமா ஓட்டலாம். ரொம்பக் கூர்மையான சத்தம் மட்டும் போயிடுச்சு. வயசு, அதோட முப்பது வருஷம் இஞ்சின் பக்கத்துல உக்காந்திருக்கீங்க."

"கூர்மையான சத்தம்னா?"

"தெர்மாமீட்டர் பீப், வெட்டுக்கிளி, அந்த மாதிரி. சின்னச் சின்னக் குருவிங்ககூட."

புரூனோ நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "எந்தக் குருவி?"

"ஐயோ, எனக்குக் குருவியெல்லாம் தெரியாதுங்க. ஏழாயிரம், எட்டாயிரம் ஹெர்ட்ஸ்ல கத்தறது எதுவும் உங்களுக்குக் கேக்காது."

ஏழாயிரம், எட்டாயிரம். அந்த எண் அவருக்கு மனப்பாடம். சங்கத்து மலரில் ஒவ்வொரு குருவியின் குரலையும் படமாகப் போட்டிருப்பார்கள். எல்லாக் குருவிக்கும் மேலே, பக்கத்தின் உச்சியில், தனியாகப் பொடிப் பொடிக் கோடுகளாக இருக்கும் பொன்னுச்சியின் குரல்.

"இது எப்பலேருந்தும்மா?" என்று கேட்டார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

டாக்டரம்மா பழைய சோதனைத் தாளை எடுத்தாள். "போன தடவையே இறங்க ஆரம்பிச்சிருக்கு. அப்ப கொஞ்சம்தான். ஒரே நாள்ல போறதில்ல ஐயா, கொஞ்சம் கொஞ்சமா அஞ்சாறு வருஷமா..."

"நூத்திருபது, நாப்பது, ஒம்போது, மூணு" என்றார் புரூனோ.

"என்னங்க?"

"நான் செவிடா? அப்ப நான்தான் செவிடா?" எழுந்து நின்றுவிட்டார். முகமெல்லாம் சிவந்து, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. "அடேயப்பா! செவிடும்மா நான்! இன்னொரு தடவை சொல்லுங்க!"

எத்தனையோ பேருக்குக் காது போய்விட்டது என்று சொல்லியிருக்கிற டாக்டரம்மா, இப்படிச் சந்தோஷப்பட்ட ஆளை அன்றுதான் பார்த்தாள். ரத்த அழுத்தத்தையும் ஒருமுறை பார்த்துவிடலாமா என்று கேட்டாள். புரூனோ குனிந்து அவள் கையில் முத்தம் கொடுத்துவிட்டு, தொப்பியை அங்கேயே மறந்துவிட்டுப் போய்விட்டார்.

ஆனால் சந்தோஷம் வெய்ஹெரோவோ தாண்டுகிற வரைக்கும்தான். மத்தியான பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வரும்போது புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. காது போனது உண்மை. அதற்காகக் குருவி இருக்கிறது என்று அர்த்தமா? காதும் போய், குருவியும் போயிருந்தால்? சாலையில் ஓர் ஓரமாக, தலையைக் குனிந்து ஒரு ஆள் சைக்கிள் மிதித்துக்கொண்டு போனார். முதுகில் மழைக்கோட்டு, பின்னால் மாவு மூட்டை. பஸ் அவரைத் தாண்டியது. 'கொலைகாரன்' என்று நான்கு வருஷத்துக்கு முன்னால் சொன்ன அந்த வார்த்தை புரூனோவுக்கு ஞாபகம் வந்தது; கண்ணாடியில் அலோய்சியையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். பள்ளிக்கூட நிறுத்தத்தில் நிறுத்தாமலேயே வந்துவிட்டார். பின்னாலிருந்து கிழவிகள் கூச்சல் போட்டார்கள். அந்தக் கூச்சல் நன்றாகவே கேட்டது.

இரவு சாப்பாட்டின்போது ரெஜினாவிடம் சொன்னார். அவள் "நான் சொன்னேனா இல்லையா" என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அதற்கே அவளுக்குக் கோயில் கட்டலாம். "ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. நான் வந்து கேட்டுச் சொல்றேன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமையா? வியாழக்கிழமை அதிகாரிகள் வந்துவிடுவார்கள். அதைவிட, ஞாயிறு வரைக்கும் தெரியாமல் இருந்தால் மண்டை வெடித்துவிடும்.

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது காட்டில் மூடுபனி இறங்கியிருந்தது. புரூனோ யாராவது ஓர் ஆளின் காதைத் தேடிக்கொண்டு நடந்தார். நான்காவது நிறுத்தத்தில் ஒரு பெண் கூடையோடு குனிந்து காளான் பறித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போனதும்தான் ஆளைத் தெரிந்தது. க்ளோட்டில்டா. அலோய்சியின் மனைவி. வேறு ஆளே கிடைக்கவில்லையா கடவுளே!

அவள் நிமிர்ந்து பார்த்தாள், பார்க்காத மாதிரி மறுபடி குனிந்துகொண்டாள்.

"க்ளோட்டில்டா" என்றார் புரூனோ.

"காளான் பறிக்கிறதுக்கும் மனு போட்டிருக்கீங்களா அண்ணே?"

"அதெல்லாம் இல்ல. ஒண்ணு கேக்கணும். ஒரு நிமிஷம் சும்மா நில்லு. மேல என்ன கேக்குது?"

"மேலயா? கடல் கேக்குது. பட்டாணிக்குருவி கத்துது."

"அது எனக்கும் கேக்குது. வேற? ரொம்ப மெல்லிசா. நூல் மாதிரி. ஸீ, ஸீ, ஸீன்னு."

க்ளோட்டில்டா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இவருக்கு மூளை பிசகிவிட்டதா என்று பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"இந்தக் கீச்சுச் சத்தமா? எண்ணெய் போடாத கீல் மாதிரி?" என்றாள். "அதுதான் விடிஞ்சதுலேருந்து காதைக் கொடையுதே! இப்பகூட உங்க தலைக்கு மேல இருபது முப்பது உக்காந்து கத்துது. உங்களுக்குக் கேக்கலையா?"

புரூனோ அண்ணாந்து பார்த்தார். ஈரப் பாசியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இந்த வருஷம்தான் வந்துச்சா? புதுசா?"

"என்ன புதுசு? நான் கல்யாணம் ஆகி வந்த நாள்லேருந்து ஒவ்வொரு அக்டோபரும் இதே ரோதனைதான். ஜன்னலைச் சாத்தினாலும் விடாது."

"போன வருஷம்?"

"போன வருஷமும்தான்."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"ஐயோ, இருந்துச்சுண்ணே! என்ன ஆச்சு உங்களுக்கு?"

"ஏன் நீ யார்கிட்டயும் சொல்லல?" என்று புரூனோ கேட்டார். அழுகிற குரல்.

"யாரு என்கிட்ட கேட்டா?" என்றாள் க்ளோட்டில்டா. "நீங்க மலர்லெல்லாம் எழுதுறவங்க. ஏதோ பெரிய அபூர்வக் குருவி காணாமப் போச்சுன்னு நெனச்சேன். இந்தக் கீச்சாங்கீச்சுகளையா இத்தனை வருஷம் தேடிக்கிட்டிருந்தீங்க?"

இருக்கிறது. எல்லாமே இருக்கிறது. ஒரு குருவிகூடக் குறையவில்லை. ஐந்து வருஷமாக நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்த பாறாங்கல்லை யாரோ தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது புரூனோவுக்கு. பாசியில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் சொன்னது, மேஜை மாதிரிக் கோடு, எட்டாயிரம், தெர்மாமீட்டர். ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லி முடித்தார். க்ளோட்டில்டாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"அப்ப இத்தனை நாளும் கோளாறு உங்க காதுலதான்?"

"ஆமாம்மா."

"அந்த மனுஷன் மழைல நனைஞ்சு சைக்கிள்ல போனதெல்லாம்?"

"என் தப்புதான்."

கூடையைத் தூக்கி அவர் தலையில் போடப் போகிறாள் என்றுதான் புரூனோ நினைத்தார். போட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பார். அவள் கூடையை அவர் கையில் திணித்தாள். "என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? எந்திரிங்க. நடங்க."

அலோய்சி கோபுரத்தடியில் விளக்குமாறும் கையுமாகக் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். சுவரோரமாகச் சின்னச் சின்னக் கூழாங்கற்கள் வரிசையாக நட்டு வைக்கப்பட்டிருந்தன, நாற்பது ஐம்பது இருக்கும். புரூனோவைப் பார்த்ததும் அவர் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"வியாழக்கிழமைதானேடா வரச் சொல்லியிருக்கே?" என்றார் சுவரைப் பார்த்து. "அதுக்குள்ள என்ன அவசரம்?"

"அலோய்சி, குருவியெல்லாம் இருக்குடா. எனக்குக் காது போயிடுச்சு. நேத்துதான் டாக்டர் சொன்னாங்க. அந்தக் குருவி கத்துற சத்தம் எனக்கு அஞ்சு வருஷமா கேக்கல. வரலைன்னு எழுதிட்டேன். நான் சொன்னது அத்தனையும் தப்பு. உன்னைச் சொன்னதும் தப்பு."

அலோய்சி திரும்பவில்லை. விளக்குமாறு மட்டும் கையிலிருந்து நழுவியது.

"அப்ப நான் கொல்லலையா?"

புரூனோ கூடையைக் கீழே வைத்தார். திட்டுவார், அடிப்பார், நாயை ஏவி விடுவார் என்றெல்லாம் தயாராகத்தான் வந்திருந்தார். இந்தக் கேள்விக்கு அவர் தயாராக இல்லை.

"நான் நம்பிட்டேன்டா" என்றார் அலோய்சி. "முதல்ல உனக்குப் பைத்தியம்னுதான் நெனச்சேன். அப்புறம் நானே காட்டுக்குள்ள போய் நின்னு பாத்தேன். சின்ன வயசுல நாம ரெண்டு பேரும் கேப்போமே, அந்தக் கீச்சு. அது இல்ல. ஒரு நாள் இல்ல, பத்து நாள் நின்னு பாத்தேன், இல்லவே இல்ல. சரி, இவன் சொல்றது நெசம்தான், நம்ம விளக்குதான் எல்லாத்தையும் தின்னுருச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். பனி எறங்கினா ராவெல்லாம் தூக்கம் கிடையாது. விடிஞ்சதும் வந்து தேடுவேன். விழுந்து கிடக்கிறதைப் பொதைச்சு ஒரு கல்லு வைப்பேன். வியாழக்கிழமை அவங்க வந்தா, விளக்கை எடுத்துட்டுப் போயிடுங்கன்னு நானே சொல்றதா இருந்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?" என்று க்ளோட்டில்டா பாய்ந்தாள். "வீட்டைக் காலி பண்ண நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?" சட்டென்று அவளுக்கு வேறொன்று உறைத்தது. "இருங்க, இருங்க. உங்களுக்கும் இது கேக்கலையா? இதோ, இப்ப, இந்தச் சுவத்துக்குப் பக்கத்துல, இந்த மரத்துல கத்துதே!"

அலோய்சி அண்ணாந்து பார்த்தார். தலையை ஆட்டினார்.

"அட கடவுளே! ரெண்டும் செவிடு! நாலு வருஷமா ரெண்டு செவிட்டுக் கிழங்க மல்லுக்கட்டிக்கிட்டு இருந்திருக்கு, நான் ஒருத்தி நடுவுல எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்!"

அலோய்சிக்கு முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று புரூனோ பயந்துபோனார். சிரிப்புதான். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டார். புரூனோவும் சிரிக்க ஆரம்பித்தபோது அலோய்சி சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"நீ சிரிக்காதே. கோயில் வாசல்ல என்னைக் கொலைகாரன்னு சொன்னே. அதை எப்படித் திருப்பி எடுப்பே?"

"இந்த ஞாயித்துக்கிழமை அதே எடத்துல நின்னு சொல்றேன், நான் செவிடு, தப்பு எம்மேலன்னு."

"சத்தமாச் சொல்லு. அங்கயும் பாதிப் பேரு செவிடுதான்."

"கடல்துறைக்கு எட்டு மணிக்கு ஆபீஸ் தொறந்ததும் போன் போட்டுடறேன். வந்தாங்கன்னா நானே வாசல்ல நின்னு சொல்றேன்."

"சொல்லணும்" என்றார் அலோய்சி. கோபம் முழுக்கப் போகவில்லை. அவ்வளவு சுலபமாகப் போகவும் போகாது. ஆனால் முகத்திலிருந்து ஏதோ பாரம் இறங்கி, தோள் அகன்று, நான்கு வருஷமாக இளைத்துப் போயிருந்த மனுஷன் மறுபடி பழைய அளவுக்கு வந்திருந்தார்.

"நோட்டை எடுங்கண்ணே" என்றாள் க்ளோட்டில்டா. "நான் சொல்றேன், நீங்க கோடு போடுங்க."

மூன்று பேரும் சுவரை ஒட்டி நின்றார்கள். அது பதினோராவது நிறுத்தம். க்ளோட்டில்டா கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு குரலுக்கும் புரூனோவின் தோளில் ஒரு விரலால் தட்டினாள். ஒரு தட்டுக்கு ஒரு கோடு. முதலில் நிதானமாகத்தான் தட்டினாள். பிறகு பனிக்குள் புதிதாக ஒரு கூட்டம் வந்திறங்கியிருக்க வேண்டும், மழைத்தூறல் மாதிரி விரல் படபடவென்று விழுந்தது. புரூனோவின் பென்சில் ஈடுகொடுக்க முடியாமல் தடுமாறியது. பக்கம் நிரம்பியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

அப்போது பனியிலிருந்து ஒன்று கீழே இறங்கி வந்தது. கடலைத் தாண்டிய களைப்பில் மனுஷர்களைப் பற்றிய பயமெல்லாம் அதற்கு இல்லை. கை நீட்டினால் தொடலாம் என்கிற தூரத்தில், தாழ்ந்த கிளையில் உட்கார்ந்தது. பாசி நிற உடம்பு. உச்சியில் தங்கத் தீற்றல். கடுகு மாதிரிக் கண்ணால் இரண்டு கிழவர்களையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு அலகைத் திறந்தது, மூடியது. திறந்தது, மூடியது. சின்னத் தொண்டை துடித்தது.

"என்னடா பண்ணுது?" என்று அலோய்சி கிசுகிசுத்தார்.

"கத்துதுடா."

"உனக்குக் கேக்குதா?"

"இல்ல" என்றார் புரூனோ. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் தோன்றாமல், சிரித்துக்கொண்டே அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா கத்துதுடா."